ராஜகுரு நினைவு மின்னுலை

மெருகேற்றும் தாளுக்கும், களிமண்ணுக்கும், போட்டிக்குச் சென்று திரும்பும் ரயில் கட்டணத்துக்கும் உதவி கேட்டுத்தான் பேராசிரியர் பிருந்தா முதலில் துளசிராமின் கடைக்குச் சென்றார். சிம்மக்கல்லில் எவர்சில்வர் பாத்திரங்களை மொத்த விலைக்கு விற்கும் கடை அது. துளசிராமின் வீடும் பிருந்தாவின் தந்தை வீடும் மகாலை ஒட்டிய ஒரே தெருவில் இருந்தன. இரண்டு வீட்டாரும் உள்ளே பேசும் சௌராஷ்டிர மொழியும் ஒன்றே. துளசிராமின் ஒரே மகன் ராஜகுரு, மேலூர்ச் சாலையில் உள்ள பொறியியல் கல்லூரியில் பிருந்தாவுடன் பொருளறிவியல் படித்தவன். இறுதியாண்டுத் தேர்வு எழுதுமுன்னரே அதே சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அந்தத் துறையில் இப்போது பிருந்தா பேராசிரியர். அதன் மாணவர் மன்றத்துக்குப் பொறுப்பாளரும் அவரே.

மகனின் பெயரால் கல்லூரிக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று துளசிராம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார். அந்த நம்பிக்கையில்தான் பிருந்தா சென்றார். மாணவர் தாமே ஒரு பொருளைக் கலந்து, வார்த்து, சுட்டு, உடைத்துப் பார்த்தாலன்றிப் பொருளறிவியல் விளங்காது என்றும், அவ்வாறு செய்து பார்ப்பதற்குரிய சிறு செலவுகளுக்குக் கல்லூரியில் பணம் ஒதுக்குவோர் இல்லை என்றும் எடுத்துச் சொன்னார். துளசிராம் பொறுமையாகக் கேட்டார். கடையில் ஆள்கள் நின்றதால் தமிழிலேயே பதில் சொன்னார்.

“தாளு தேஞ்சா தூக்கிப் போட்டுருவீங்க. மண்ணு வெந்து போயிரும். டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுருவாங்க. இதுல எம்புள்ள பேர எங்கம்மா எழுதுறது?”

இதற்காகத் துளசிராமை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்றைக் கொடுத்தால், அதன் வெளிச்சத்தில் பாதி மறையும்படி ‘உபயம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். பேருந்து நிழற்குடையில் மழைக்கு ஒதுங்குபவர், கூரை ஒழுகுவதைக் காண்பதற்கு முன்பே அதைக் கட்டிக் கொடுத்தவரின் பெயரையும் பட்டத்தையும் படித்து முடித்துவிடுவார். பெயர் எழுத இடமில்லாத பொருளுக்குக் கொடையாளர் கிடைப்பதில்லை. ஆனால், கல்விக்கு வேண்டுவனவற்றுள் பெரும்பாலானவை பெயர் எழுத இடமில்லாதவை. இதை எந்த மேடையிலும் ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஆண்டு மேடை இராது.

ஆகவே ஒரு மின்னுலை வாங்குவதென்று முடிவாயிற்று. அலமாரியளவு உயரம், உள்ளே வெண்மையான வெப்பக்காப்புச் சுவர், வேண்டிய சூட்டை வேண்டிய நேரத்துக்கு நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. துறையில் முன்பு இருந்த உலை பழுதாகிக் கிடந்ததால் இதுவும் தேவையானதே. பிருந்தா மகிழ்ந்தார். களிமண்ணையும் தாளையும் தம் சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அந்த உலையை மற்ற எல்லாரையும்விட ஆவலுடன் எதிர்பார்த்தவள் மீனா. பேரையூருக்கு அருகே மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நல்லகாமனின் மகள், இறுதியாண்டு மாணவி. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் கற்களை அறுத்து மெருகேற்றும்போது கழிவாக வெளியேறும் சாம்பல் நிறச் சேற்றைச் சாலையோரமெங்கும் கொட்டிவைத்திருப்பதை அவள் நாள்தோறும் கல்லூரிப் பேருந்திலிருந்து பார்த்து வந்தாள். அந்தச் சேற்றைக் களிமண்ணுடன் கலந்து சுட்டுத் தரையில் பதிக்கும் ஓடு செய்யலாம் என்பது அவளுடைய ஆய்வு. கலவையின் அளவை மாற்றி மாற்றி, காயவைத்து, வெடித்தவற்றை விலக்கி, கடைசியில் வெடிக்காமல் காயும் ஒரு கலவையைக் கண்டடைந்தாள். சுடுவது மட்டுமே எஞ்சியிருந்தது.

நாடு முழுவதுமுள்ள பொருளறிவியல் மாணவர்க்காக ஆண்டுதோறும் ஒரு போட்டி நடைபெறும். மாணவர் தாம் செய்த பொருளை அனுப்ப வேண்டும். அதை நடுவர் வளைத்தும் உடைத்தும் சோதிப்பார்கள். வெற்றி பெறுபவருக்கு ஆய்வு நிறுவனமொன்றில் முதுகலைப் படிப்பு முழுமைக்கும் உதவித்தொகை உண்டு. மீனாவுக்கு மேற்படிப்புக்கு வேறு வழியில்லை. பட்டம் வரை தாம் பார்த்துக்கொள்வதாகவும், அதற்குமேல் அவளுடைய தம்பியின் முறை என்றும் நல்லகாமன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அதில் கடுமை ஏதும் இல்லை. அவருடைய நிலத்தின் அளவு அது. போட்டியில் வென்றால் படிப்பு, இல்லையேல் ஊர். இதை மீனாவும் அறிவாள், பிருந்தாவும் அறிவார்.

உலை வந்து இறங்கியது. மாணவர் மன்றத் தொடக்க விழாவிலேயே அதையும் திறந்துவைப்பதென்று முதல்வர் ஜெயக்கொடி நாள் குறித்தார். மீனா தன் ஓடுகளைச் சுடவேண்டிய நாளும் அதுவே ஆயிற்று. ஓடுகள் ஈரம் முழுதும் நீங்க அந்த நாள் வரை காயவேண்டியிருந்தது. அதற்குமேல் தாமதித்தால் போட்டிக்கு உரிய காலத்தில் போய்ச் சேரா. விழாவும் ஓடு சுடுவதும் ஒரே நாளில் நடந்தால் என்ன, திறந்துவைக்கும்போது உலை உள்ளபடியே எரிந்துகொண்டிருக்கட்டும் என்று பிருந்தா கருதினார். அது நல்ல எண்ணமாகவே அப்போது தோன்றியது.

ராஜகுருவின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை உலைக்குப் பின்னாலுள்ள சுவரில் பதிப்பதென்று பிருந்தாவும் துளசிராமும் பேசி முடித்திருந்தார்கள். விழாவுக்கு முன்தினம் பிருந்தா வேறு கல்லூரியில் தேர்வுப் பணிக்குச் சென்றிருந்தபோது, துளசிராம் தகடு வெட்டுபவரை அழைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். சுவரில் பதித்தால் உலையோடு சேர்த்துப் படத்தில் விழாது என்பது அவருடைய வருத்தம். ஆய்வக உதவியாளர் சின்னச்சாமி, பேராசிரியரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று தயங்கினார்.

“சுவத்துல போட்டா சுவத்துக்குக் குடுத்த மாதிரில்ல ஆகும்?” என்றார் துளசிராம். “வாங்கிக் குடுத்தது அடுப்பு. பேரு அடுப்புலதான இருக்கணும்?”

சின்னச்சாமி முதல்வருக்குத் தொலைபேசியில் சொன்னார். கொடையாளர் விரும்பியபடி செய்யச் சொல்லிவிட்டு முதல்வர் தொடர்பைத் துண்டித்தார். உலையின் முகப்பில், கதவுக்குச் சற்றுக் கீழே, தகட்டின் நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் திருகாணி முடுக்கினார்கள். தகடு பளபளத்தது. துளசிராம் தம் மேல்துண்டால் அதைத் துடைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று நெடுநேரம் பார்த்ததாகச் சின்னச்சாமி பின்னர் சொன்னார்.

மறுநாள் காலை பிருந்தா தகட்டைப் பார்த்தார். முகம் சுளித்தார்; ஆனால், விழாநாளில் பெரியவரிடம் அதைப் பேசுவது முறையாகாது என்று விட்டுவிட்டார். மீனா ஓடுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, வெப்பநிலையைக் குறித்துக் கொடுத்து உலையை முடுக்கினாள். தொடக்கத்தில் சூடு மெல்லத்தான் ஏற வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் தெரிந்த எண்ணும் மெல்லத்தான் ஏறிற்று. ஐயுறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

உலையருகிலேயே இருக்கிறேன் என்று மீனா சொன்னாள். அதற்கு முதல்வர் இணங்கவில்லை. நாற்காலிகள் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகத் துறையின் மாணவர் அனைவரையும் அரங்குக்கு வரச் சொல்லியிருந்தார். மேலும், உலையால் முதலில் பயன்பெறும் மாணவி என்ற முறையில் நன்றியுரை ஆற்ற வேண்டியவளே மீனாதான். சின்னச்சாமியையாவது விட்டுவைக்கலாம் என்று பிருந்தா கேட்டார். பொன்னாடைத் தட்டும் நினைவுப்பரிசும் ஏந்திவர ஆள் வேண்டும் என்று அவரையும் அழைத்துக்கொண்டார்கள். படிப்பதற்காக வந்த பிள்ளைகளைக் கைதட்டுவதற்காக அடைத்துவைக்கும் இந்த இழிசெயலுக்கு நம் கல்லூரிகளில் விழா என்று பெயர்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் தாமதத்துக்கு ஈடுசெய்வார்போல நெடுநேரம் பேசினார். பொருளறிவியலைத் தவிர்த்து எல்லாவற்றையும் பேசினார். மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் மற்ற ஒவ்வொருவரும் பொன்னாடை போர்த்தினர். கடைசியாக மீனா எழுந்தாள். அவளுடைய உரை சிறியது. தான் ஒருமுறையும் பார்த்திராத ராஜகுரு அண்ணன் விட்டுச்சென்ற இடத்திலிருந்து தான் தொடர்வதாக நினைத்துக்கொள்வதாகவும், இந்த உலையில் வெந்து வரும் முதல் ஓட்டை அவருடைய பெற்றோரிடம் கொடுக்க விரும்புவதாகவும் சொன்னாள். முன்வரிசையில் இருந்த துளசிராமின் மனைவி ராதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று மேடையில் பேசப்பட்டவற்றுள் மெய்யான சொற்கள் அவை மட்டுமே.

அவள் பேசி முடிப்பதற்குள் ஆய்வகத்தில் புகை எழுந்துவிட்டது.

படமெடுப்பதற்காக உலையை நோக்கி நடந்தவர்கள் தாழ்வாரத்திலேயே கருகல் நாற்றத்தை உணர்ந்தார்கள். சின்னச்சாமி ஓடிச்சென்று மின்சாரத்தை நிறுத்தினார். ‘புதுக் கருவி, முதல் நாள் அப்படித்தான் புகையும்’ என்று முதல்வர் சிரித்துச் சமாளித்தார். மூடிய கதவின் முன், தகடு தெரியும்படி துளசிராமையும் ராதாமணியையும் நிறுத்திப் படம் எடுத்து, விருந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். உலை ஆறியபின் மாலையில் கதவைத் திறந்தபோது உள்ளே ஓடுகள் இல்லை. கரிய கண்ணாடிக் குழம்பு ஒன்று தரையில் உருகிப் பரவி உறைந்திருந்தது. சூடேற்றும் சுருள்கள் அறுந்து தொங்கின. மீனா அழவில்லை. ‘நான் போயிருக்கக் கூடாது மேடம்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதல்வர் பதிந்த குறிப்பிலும் அதுவே இடம்பெற்றது: எரிந்துகொண்டிருந்த உலையை மாணவி கவனிப்பாரின்றி விட்டுச் சென்றமையால் நேர்ந்த விபத்து. அரங்குக்கு வரச் சொன்னவர் யார் என்பது அதில் இல்லை.

பிருந்தாவுக்கு அந்தக் குறிப்பு ஒப்பவில்லை. கவனிப்பார் இல்லாவிட்டாலும் குறித்த சூட்டுக்குமேல் போகாமல் நிறுத்துவதற்கே கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது ஏன் நிறுத்தவில்லை? சில நாள் கழித்து, யாரும் இல்லாத வேளையில் அவரே உலையின் முகப்புப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். உள்வெப்பத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உணர்த்தும் இரட்டைக் கம்பி, பெயர்த்தகட்டுக்கு நேர் பின்னால் சென்றது. தகட்டின் ஒரு மூலைத் திருகாணி அக்கம்பிகளின் உறையைக் கிழித்து இரண்டையும் தன்மேல் தொடவைத்திருந்தது. அப்படித் தொட்டுவிட்டால் பெட்டிக்குக் கிடைப்பது உலையின் வெப்பம் அன்று. திருகாணி நிற்கும் இடத்தின் வெப்பம். உள்ளே கல்லும் உருகிக்கொண்டிருக்க, வெளித்தகட்டின் இளஞ்சூட்டையே உலையின் சூடென்று கொண்ட கருவி, போதாது போதாது என்று மேலும் மேலும் மின்சாரத்தைச் செலுத்தியிருக்கிறது.

மீனா அருகில் இருந்திருந்தால் எண் ஏறாததைக் கண்டு நிறுத்தியிருப்பாள். அவளை அருகில் இருக்கவிடவில்லை. ஆக, குற்றம் அவளுடையதன்று. இது பிருந்தாவுக்கு ஐயமறத் தெரிந்தது.

வழியும் ஒன்று இருந்தது. பிருந்தா போட்டி அமைப்பாளர்க்கு எழுதிக் கேட்டபோது, கருவிக் கோளாறே காரணம் என்று கல்லூரி சான்றளித்தால் கூடுதல் காலம் தருவதாகவும், மாணவரின் கவனக்குறைவென்றால் தருவதற்கில்லை என்றும் பதில் வந்தது. திருச்சியில் ஒரு கல்லூரி தன் உலையைப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தது. மீனாவிடம் கலவை இருந்தது. முதல்வரின் கையெழுத்து ஒன்றே வேண்டும்.

முதல்வர் திருகாணியை வந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மகனை இழந்த மனிதர். மகனின் பெயர்தான் உலையை அழித்தது என்று அவரிடம் சொல்வதா? அடுத்த ஆண்டு ஆய்வகத்துக்கே தனிக் கட்டடம் கட்டித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். ஒரு மாணவிக்காக வருங்கால மாணவர் அனைவரையும் கைவிடுவதா? இவ்வாறு பலவும் சொல்லி, இறுதியில் பொறுப்பைப் பிருந்தாவின் தலையில் இறக்கினார். “அவர்ட்ட நீங்க போயிச் சொல்லுங்க மேடம். அவர் மனசு கோணாம ஏத்துக்கிட்டார்னா, இந்தா, அடுத்த நிமிசம் நான் கையெழுத்துப் போடுறேன்.”

மீனாவிடம் இது எதையும் பிருந்தா சொல்லவில்லை. காரியம் கைகூடிய பின் சொல்லலாம் என்று எண்ணினார். கூடுதல் காலம் கேட்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் துளசிராமின் வீட்டுக்குச் சென்றார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கியிருந்தார். துளசிராம் கடைக்குப் போயிருந்தார். வந்துவிடுவார், இரு என்று ராதாமணி காப்பி கொடுத்து உட்காரவைத்தார். கூடத்தில் ராஜகுருவின் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு படம் மாட்டியிருந்தது: மூடிய உலையின் முன் துளசிராமும் ராதாமணியும், நடுவே தகடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மல்லிகைச் சரம்.

ராதாமணி வீட்டு மொழியில் மெல்லப் பேசினார். மகன் போனதிலிருந்து தாம் சரியாக உறங்கியதில்லை என்றும், இப்போதுதான் உறங்குவதாகவும் சொன்னார். அவன் படித்த இடத்தில் அவன் பெயரால் ஓர் அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டே படுத்தால் கண் அயர்ந்துவிடுகிறதாம். பிறகு கேட்டார்: “தினமும் எரியுதுல்ல பிருந்தா?”

“எரியுது அத்தை” என்றார் பிருந்தா.

துளசிராம் வந்தார். பேச்சு வேறு எங்கோ சென்றது. பிருந்தா அடுக்கிவைத்த சொற்கள் அடுக்கியபடியே இருந்தன. அடுத்த வாரம் மறுபடி வரலாம் என்று எழுந்தார். அடுத்த வாரம் விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. அதற்கடுத்த வாரம் முதல்வரே, இன்னும் சொல்லவில்லையே என்று நிம்மதியாகக் கேட்டார். போட்டிக்குரிய கடைசி நாளும், கூடுதல் காலம் கேட்பதற்குரிய நாளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. காலம் கிடைக்கவில்லை என்று பிருந்தா சொன்னபோது, ‘எப்படி மேடம் குடுப்பாங்க, தப்பு நம்ம மேலதான’ என்று மீனாவே அவரைத் தேற்றினாள். தேர்வு எழுதினாள், பட்டம் பெற்றாள், ஊருக்குப் போனாள்.

உலையின் மேல் சின்னச்சாமி ஒரு போர்வையைப் போட்டு மூடிவைத்தார். நிறுவனத்தின் பழுதுநீக்குநரை அழைத்தால் திருகாணியைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் யாரையும் அழைக்கவில்லை.

ராஜகுருவின் திதியன்று, மாணவருக்குக் கொடுக்க இனிப்புப் பொட்டலங்களுடன் துளசிராம் முன்னறிவிப்பின்றி ஆய்வகத்துக்கு வந்தார். எரியும் உலையைக் கண்ணால் பார்த்து மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார். போர்வையைக் கண்டு, சின்னச்சாமியைக் கேட்டார். சின்னச்சாமி பேராசிரியரை அழைக்க ஓடினார். பிருந்தா வந்தார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. மறைப்பதற்குரிய தெம்பும் இல்லை. போர்வையை விலக்கி, முகப்புப் பலகையைக் கழற்றி, திருகாணி முனையைக் காட்டி, மீனாவைப் பற்றியும் போட்டியைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

துளசிராம் கோபப்படவில்லை. திருகாணி முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். இந்தக் கல்லூரியில் எல்லாரும் அவருக்காக அஞ்சிய அந்த மனவருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அது அவர்கள் அஞ்சிய காரணத்தால் வந்ததன்று.

“அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தத் தகட்ட என் கையாலயே பிடுங்கிப் போட்டிருப்பேனேம்மா” என்றார். “என் மனசு நோகும்னு நீங்களாப் பேசி நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கல.”

பிறகு, அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் அவருடைய காரிலேயே இருவரும் பேரையூருக்குச் சென்றார்கள். மீனா பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தனியார் இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். வருமானச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வந்தவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். கைரேகை பதியாத ஒரு முதியவளின் விரலை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கருவியில் வைத்துக்கொண்டிருந்தாள் மீனா. இவர்களைக் கண்டதும் எழுந்து, தன் நாற்காலியைத் துளசிராமுக்குப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார், தம்மால்தான் என்றார். இனி அவள் எங்கே படிக்க விரும்பினாலும், தாளோ மண்ணோ பயணமோ எதுவானாலும், பெயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், செலவு தம்முடையது என்றார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் கவனித்தார்கள்.

“இந்த வருசம் சேர்க்கை முடிஞ்சு போச்சுங்கய்யா” என்றாள் மீனா. “காசு இல்லைன்னு மட்டும் நான் நிக்கல. அடுப்ப விட்டுட்டுப் போனவளுக்கு லேபு எதுக்குன்னு, நானே எங்கயும் எழுதிப் போடல.” பிறகு பிருந்தாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க எப்பப் பாத்தீங்க மேடம், அந்தத் திருகாணிய?”

பிருந்தாவுக்குப் பொய் சொல்ல இடமிருந்தது. நேற்றுத்தான் என்று சொன்னால், உண்மை தெரிந்த துளசிராமும் மறுத்திருக்கமாட்டார்.

“கடைசி நாள் முடியுறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன் மீனா.”

மீனா தலையை அசைத்தாள். முதியவளின் விரலை எடுத்து மீண்டும் கருவியில் வைத்தாள், இந்தமுறை பதிந்தது. தாளை அச்சடித்துக் கொடுத்து அவளை அனுப்பிய பின்தான் பேசினாள்.

“எங்கப்பாட்ட நாந்தான் எரிச்சுட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். அவர் இதுவரைக்கும் என்னைய ஒண்ணும் சொன்னதில்ல. ஒண்ணும் சொல்லாம இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு, அவர்ட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

ஊர்ச்சாலையில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. நல்லகாமன் காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். மகளின் ஆசிரியர் என்று தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிருந்தா நின்றபடியே சொன்னார். உலை, தகடு, கம்பி என்று விளக்கத் தொடங்கி, அது எதுவும் வேண்டியதில்லை என்று உணர்ந்து, கடைசியில் இரண்டே செய்திகளைச் சொன்னார்: தவறு மீனாவுடையதன்று, அது தமக்கு உரிய காலத்திலேயே தெரியும்.

நல்லகாமன் சோளத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். துளசிராம் யார் என்று விசாரித்து அறிந்துகொண்டார். மகன் இறந்த செய்தியைக் கேட்டு அவரை நோக்கிக் கைகூப்பினார். படிப்புச் செலவைப் பற்றித் துளசிராம் மறுபடி சொன்னபோது, அது மீனா பாடு என்றார்.

“இத அதுட்டச் சொல்லிட்டீகளா?” என்று பிருந்தாவைக் கேட்டார்.

“சொல்லிட்டேங்க.”

“என்ன சொல்லுச்சு?”

“உங்ககிட்டச் சொல்லச் சொன்னா.”

எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட்டு மூவரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.

“படிச்சு முடிச்சு வந்ததுல இருந்து, பாலு அடுப்புல இருந்தா, பொங்கி இறக்குற வரைக்கும் அந்த இடத்தவிட்டு நகல மாட்டேங்குதும்மா” என்றார் நல்லகாமன். “வெளிய யாரு கூப்பிட்டாலும் வராது. அவங்காத்தா வஞ்சாலும் வராது. என்னாத்துக்கு இந்தப் பிள்ள இப்படி நிக்குதுன்னு எங்களுக்கு வெளங்கவே இல்ல.”

நல்லகாமன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, டிராக்டர் சக்கரம் பட்டுச் சிதறிய சோளத்தைக் காலால் கூட்டத் தொடங்கினார்.